டெவலப்மென்ட் போர்டுக்குப் பேட்டரி கொடுப்பதும், அது இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பதும்

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் எங்கள் குறுவை வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நட்டிருக்கிறோம். குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மோட்டார் கொட்டகையில் உள்ள வைஃபை ரவுட்டருக்குத் தகவல் அனுப்புவதற்காக, ஈஎஸ்பி32 என்ற வைஃபை சிப் உள்ள டெவலப்மென்ட் போர்டும் நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சாரும் சேர்ந்த ஒரு சிறு கருவியை வரப்பின் மேல் கம்பம் நட்டுப் பொருத்தியிருக்கிறேன். 15 நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, அளவை எடுத்து அனுப்பிவிட்டு, டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போய்விடும்படி புரோகிராம் எழுதப்பட்டிருக்கிறது. 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு 18650 லித்தியம் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் போர்டின் 5 வோல்ட் பின்னில் நேரடியாக இணைத்திருக்கிறேன்.

பேட்டரி ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. சிப்பின் தரவுத்தாளில் டீப் ஸ்லீப் நிலையில் 10 மைக்ரோ ஆம்பியர் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரை 200 மில்லி ஆம்பியர் அளவில் வைத்துத் தொடராக இணைத்துப் பார்த்தால், போர்டு உறங்கும்போதே 10.4 மில்லி ஆம்பியர் காட்டுகிறது. அதாவது சொல்லப்பட்டதைப் போல ஆயிரம் மடங்கு. இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம் என்று 2000 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு மாற்றினால், போர்டு விழிப்பதே இல்லை. இந்த இரண்டுக்கும் காரணம் என்ன, உறக்க மின்னோட்டத்தை நம்பத் தகுந்த முறையில் அளக்க என்ன வழி என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், சம்பா நடவுக்கு முன் கருவியைச் செப்பம் செய்துவிடலாம் என்று எண்ணுகிறேன்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

வணக்கம் தம்பி. முதல் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன். தரவுத்தாளில் உள்ள 10 மைக்ரோ ஆம்பியர் சிப்புக்கு உரியது. உங்கள் கையில் இருப்பதோ சிப்பைச் சுற்றிப் பல உறுப்புகள் வைத்துக் கட்டிய போர்டு. சிப் உறங்கினாலும் அந்த உறுப்புகளில் எதுவும் உறங்குவதில்லை. இத்தகைய போர்டுகளில் 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக இறக்குவதற்குப் பெரும்பாலும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரைத்தான் வைக்கிறார்கள். அது தன் சொந்த வேலைக்கே ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியரை எடுத்துக்கொள்ளும். சிவப்பு பவர் எல்ஈடி, ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எரிந்தால், ஒன்றேகால் முதல் ஒன்றரை மில்லி ஆம்பியர் அதற்குப் போகும். எஞ்சியதில் பெரும்பங்கு, கணினியோடு பேச உதவும் யூஎஸ்பி-சீரியல் சிப்பினுடையதாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துவிட்டு அளந்தால் எது எவ்வளவு எடுக்கிறது என்பது கணக்காகவே தெரிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏஎம்எஸ்1117 சரியாக வேலை செய்வதற்கு, உள்ளே வரும் மின்னழுத்தம் வெளியே போவதைவிட 1.1 வோல்ட் அளவுக்காவது கூடுதலாக இருக்க வேண்டும். முழுதாக ஏற்றிய 18650 பேட்டரி 4.2 வோல்ட் கொடுக்கும். 5 வோல்ட் பின்னில் அதைக் கொடுத்தால் மறுமுனையில் 3.1 வோல்ட் கிடைப்பதே அரிது. பேட்டரி 3.7 வோல்ட்டுக்கு இறங்கும்போது சிப்புக்கு 2.6 வோல்ட்தான் போய்ச் சேரும். 3.0 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பது, போர்டில் சிப்பைப் பொதிந்து வைத்திருக்கும் மாட்யூலின் தரவுத்தாளில் உள்ள நிபந்தனை. வைஃபை அலையை வெளியிடும் நொடிகளில் மின்னோட்டம் 240 மில்லி ஆம்பியர் வரை எழும்புவதால், மின்னழுத்தம் மேலும் சரிந்து, குறை மின்னழுத்தப் பாதுகாப்பு குறுக்கிட்டுச் சிப்பை மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஓடச் செய்யும். அது மீண்டும் வைஃபையைத் தேடும், மீண்டும் சரியும். எனவே பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நீங்கள் எண்ணிய நாட்களில், அதில் கணிசமான பகுதி மிச்சம் இருந்திருக்கக்கூடும். போர்டு நின்றுபோன பிறகு பேட்டரியைக் கழற்றி அதன் மின்னழுத்தத்தை ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். மல்டிமீட்டர் மின்னோட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. தனக்குள் இருக்கும் ஒரு சிறிய ரெசிஸ்டர் வழியாக மின்னோட்டத்தை ஓடவிட்டு, அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தைத்தான் அளக்கிறது. கடைகளில் கிடைக்கும் மலிவு விலை மீட்டர்களில் 200 மில்லி ஆம்பியர் அளவுக்கு அந்த ரெசிஸ்டர் 1 ஓம். 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு 10 ஓம். 2000 மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு 100 ஓம். அளவைச் சிறிதாக்க ஆக்க, சுற்றில் நீங்கள் நுழைக்கும் தடை பெரிதாகிக்கொண்டே போகிறது. போர்டு உறங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர் அந்த 100 ஓம் வழியாகப் போனால் இழப்பு ஒரு மில்லி வோல்ட்தான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் விழிக்கும் கணத்தில் 100 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று போர்டு கேட்டால், அதே 100 ஓமில் 10 வோல்ட் இழக்கப்பட வேண்டும். உங்கள் பேட்டரியில் இருப்பதோ 4 வோல்ட். போர்டு விழிக்காததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு எளிய வழி உண்டு. மீட்டரின் இரு முனைகளையும் இணைக்கும்படி ஒரு சிறு சுவிட்சையோ, இரு பக்கமும் முதலைக் கவ்வி உள்ள ஒரு கம்பியையோ குறுக்கே போட்டுவிடுங்கள். அந்தக் குறுக்கிணைப்பு இருக்கும்வரை மின்னோட்டம் மீட்டரைத் தொடாமல் கம்பி வழியாகவே போகும். போர்டை இயக்கி, அது வேலையை முடித்து உறக்கத்துக்குப் போகும்வரை காத்திருங்கள். அதன் பிறகு கவ்வியை எடுத்தால் மீட்டர் உறக்க மின்னோட்டத்தை மட்டும் காட்டும். அடுத்த விழிப்புக்கு முன் கவ்வியை மறுபடி போட்டுவிட வேண்டும். மீட்டரின் சுற்றுக் குமிழைத் திருப்புவதற்கு முன்னும் கவ்வி போட்டிருக்க வேண்டும்; ஏனெனில் ஓர் அளவிலிருந்து மற்றோர் அளவுக்குத் திருப்பும்போது உள்ளே தொடர்பு ஒரு கணம் அறுபட்டு, போர்டு மின்சாரம் இழந்து முதலிலிருந்து தொடங்கிவிடும். அளவைத் தானே மாற்றிக்கொள்ளும் விலை உயர்ந்த மீட்டர்களிலும் இதே தொல்லை உண்டு என்பதால், அவற்றில் அளவைக் கையால் நிலைநிறுத்திக்கொள்வது நல்லது.

கவ்வியை எடுப்பதும் போடுவதும் சிரமமாக இருந்தால், அதற்குப் பதிலாக 1என்5819 போன்ற ஒரு ஷாட்கி டயோடை மீட்டருக்கு இணையாக, மின்னோட்டம் போகும் திசையிலேயே வைக்கலாம். உறக்கத்தில் மீட்டரின் குறுக்கே ஓரிரு மில்லி வோல்ட்டே இருப்பதால் டயோடு ஏறத்தாழச் சும்மா இருக்கும். விழிப்பின்போது சுமையை அது வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மூன்றில் ஒரு வோல்ட் அளவுக்கு இழப்பு வரும் என்பதால் பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சிறிய சோலார் தகடும், ஒரு டிபி4056 சார்ஜரும், இன்னும் ஒரு பேட்டரியும் சேர்த்துவிட்டால் 10 மில்லி ஆம்பியர் என்பது ஒரு பொருட்டே இல்லையே? அல்லது பவர் பேங்க் ஒன்றை வைத்துவிடலாமே?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

பவர் பேங்க் இந்த வேலைக்கு உதவாது. மிகக் குறைந்த மின்னோட்டமே போகிறது என்றால், செல்பேசியைக் கழற்றிவிட்டார்கள் என்று கருதிப் பெரும்பாலான பவர் பேங்குகள் தம்மைத் தாமே அணைத்துக்கொள்ளும். போர்டு எவ்வளவு நன்றாக உறங்குகிறதோ அவ்வளவு விரைவில் அது அணையும்.

சோலார் தகட்டைப் பொறுத்தவரை, சித்திரை வெயிலில் எல்லாமே வேலை செய்யும். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று வைத்திருக்கும் ஊரில், சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில்தான் வானம் நாள் கணக்கில் மூடிக் கிடக்கிறது. 10 மில்லி ஆம்பியர் என்பது ஒரு நாளைக்கு 240 மில்லி ஆம்பியர் மணி; வெயில் இல்லாத ஒரு வாரத்தில் பேட்டரியின் பெரும்பகுதி உறக்கத்துக்கே போய்விடும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு கீழ்த்தஞ்சையில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். வயலில் நிற்கும் கருவி வெளி மின்சாரத்தை நம்பாமல் தன் பேட்டரியிலேயே ஒரு பருவத்தைக் கடக்கும்படி இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தகடு அதற்கு மேல் ஒரு துணையாக இருக்கட்டும். கோடை வெயிலில் மூடிய பெட்டிக்குள் 45 டிகிரியைத் தாண்டும்போது லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

விரிவாக எழுதிய இருவருக்கும் நன்றி. அரசலாறு ஐயா சொன்னபடி, நின்றுபோன நிலையில் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், 3.72 வோல்ட் இருந்தது. அவர் கணித்தது அப்படியே சரியாக இருக்கிறது. பவர் எல்ஈடியை மட்டும் பெயர்த்து எடுத்துவிட்டு அளந்ததில் 10.4 என்பது 9.1 மில்லி ஆம்பியர் ஆகியது.

இனிப் போர்டை வைத்துப் போராடுவதைவிட, அதே சிப் உள்ள மாட்யூலைத் தனியாக வாங்கி, குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் ரெகுலேட்டரோடு சிறிய பொதுப் பலகையில் பற்றவைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது? மேலும், விழித்திருக்கும்போது எவ்வளவு செலவாகிறது என்பதை மீட்டரில் பார்த்தால் எண்கள் தாவிக்கொண்டே இருக்கின்றன. அதற்கு, மின்னோட்டம் அளக்கும் ஐஎன்ஏ219 மாட்யூலைப் பயன்படுத்தலாமா?

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

ரெகுலேட்டருக்கு எச்டி7833 பொருத்தமானது. தனக்கென்று 4 மைக்ரோ ஆம்பியர்தான் எடுத்துக்கொள்ளும். 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும். எம்சிபி1700 அதைவிடக் குறைவாக 1.6 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும் என்றாலும், அதன் எல்லை 250 மில்லி ஆம்பியர். வைஃபையின் உச்சம் 240 என்னும்போது அது விளிம்பில் நிற்பதாகும். எதை வைத்தாலும் மாட்யூலின் மின் பின்களுக்கு அருகிலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். பழைய போர்டையே 3.3 வோல்ட் பின் வழியாக ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அதில் உள்ள ஏஎம்எஸ்1117ஐக் கழற்றாமல் அப்படிக் கொடுத்தால் அதன் வெளியேறும் பக்கத்திலிருந்து பின்னோக்கி மின்னோட்டம் கசியும். யூஎஸ்பி சிப்பும் அதே 3.3 வோல்ட் தடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே நீங்கள் தனி மாட்யூலுக்குப் போவது சரியான முடிவு.

ஐஎன்ஏ219 பற்றி. சந்தையில் கிடைக்கும் மாட்யூலில் 0.1 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. சிப்பால் பிரித்துணரக்கூடிய மிகச் சிறிய படி 10 மைக்ரோ வோல்ட். இரண்டையும் சேர்த்தால் 0.1 மில்லி ஆம்பியருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. 10 மைக்ரோ ஆம்பியர் உறக்கத்தை அது பூஜ்யம் என்றோ, தன் பிழையினால் ஏதோ ஓர் எண் என்றோ காட்டும். விழித்திருக்கும் பகுதியை அளக்க அது போதுமானது. ஆனால் அளக்கப்படும் பேட்டரியிலிருந்தே அந்த மாட்யூலுக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அதன் தேவையே ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு வந்துவிடும்.

எங்கள் பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நான் காட்டும் முறை வேறு. பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்தில் 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தை அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) பார்க்கிறோம். 1 ஓம் என்பதால் ஒவ்வொரு மில்லி வோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர், கணக்கே வேண்டாம். மின்னோட்டம் எழுந்து, வைஃபை இணைப்புக்காக உயர்ந்து, அனுப்பும்போது முள் முள்ளாகக் குத்தி நின்று, பிறகு தரையோடு படுப்பது வரை முழு வடிவமும் திரையில் தெரியும். மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும்; சில மில்லி நொடிகளே நீடிக்கும் அந்த முட்களை அதனால் பிடிக்க இயலாது. நீங்கள் கண்ட தாவல் அதனால்தான்.

இதில் மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. போர்டு யூஎஸ்பி வழியாகக் கணினியோடும் இணைந்திருந்தால், கணினியின் எர்த்தும் அலைக்காட்டியின் எர்த்தும் சுவர் பிளக் வழியாக ஒன்றாகிவிடும். மின்னோட்டம் 1 ஓம் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு அந்த எர்த் வழியே திரும்பிவிடுவதால் திரையில் ஒன்றுமே தெரியாது, அல்லது பாதிதான் தெரியும். அளக்கும் நேரத்தில் யூஎஸ்பி கம்பியைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும்.

உங்கள் புரோகிராமைப் போன்ற ஒன்றை ஓட்டிப் பார்த்ததில், விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ 5 நொடி, அந்த நேரத்தின் சராசரி 110 மில்லி ஆம்பியர் என்று வந்தது. பெருக்கினால் 550 மில்லி ஆம்பியர் நொடி; 3600ஆல் வகுத்தால் ஒரு விழிப்புக்கு 0.153 மில்லி ஆம்பியர் மணி. 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளொன்றுக்கு 96 விழிப்பு, 14.7 மில்லி ஆம்பியர் மணி. இதன் பக்கத்தில் பழைய போர்டின் உறக்கச் செலவான 240ஐ வைத்துப் பாருங்கள். வேலை செய்ததற்கு 15, சும்மா இருந்ததற்கு 240.

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். கடைமடைப் பகுதியில் வாய்க்கால் நீர்மட்டம் பார்க்கும் கருவிகளை வைத்திருக்கும் அனுபவத்தில், மேசையில் சரியாக இருந்த எண் வயலில் மாறிப்போவதற்கான மூன்று காரணங்களை மட்டும் சேர்க்கிறேன்.

பேட்டரியின் மின்னழுத்தத்தைச் சிப் அறிவதற்காக 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தொடராக வைப்பது வழக்கம். 4.2 வோல்ட்டில் அவை எந்நேரமும் 21 மைக்ரோ ஆம்பியரை வீணாக்கும். உறங்கும் சிப் எடுப்பதைப் போல இரு மடங்கு. அவற்றை 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களாக மாற்றி, நடுப்புள்ளியிலிருந்து சுற்றின் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் 2 மைக்ரோ ஆம்பியராகக் குறைந்துவிடும், அளவும் ஆடாது.

அடுத்தது சென்சார். அதற்குப் போகும் மின்சாரத்தை சுவிட்சாக இயங்கும் ஏஓ3401 போன்ற பி-சேனல் மாஸ்ஃபெட்டால் துண்டிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். துண்டித்த பிறகும் அளக்கச் சொல்லும் டிரிகர் கம்பியிலோ விடை தரும் எக்கோ கம்பியிலோ மின்னழுத்தம் நின்றால், சென்சார் அந்தக் கம்பி வழியாகவே மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். உறங்கப் போகும் முன் அந்தப் பின்களில் உள்ளிருக்கும் புல்-அப்பை (பின்னை 3.3 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்) நீக்கி, பூஜ்ய நிலையில் நிறுத்திப் பிடித்துவைக்கும்படி புரோகிராமில் எழுத வேண்டும்.

மூன்றாவது ஈரம். இதை ஆய்வகத்தில் இருப்பவர்கள் எளிதில் காண முடியாது. பற்றவைத்த பிறகு, ஈயம் ஒட்டுவதற்கு உதவும் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்ட ஒரு பலகை, பகலில் மேசை மேல் 15 மைக்ரோ ஆம்பியர் காட்டியது. அதே பலகையை மார்கழியில் வரப்பில் வைத்துப் பொழுது விடியும் முன் அளந்தபோது 60ஐத் தாண்டி நின்றது. பெட்டியைத் திறந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, ரெகுலேட்டரின் கால்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் படிந்திருந்த ஃப்ளக்ஸ் பிசுபிசுத்துப் பனி கோத்திருந்தது. தடங்களுக்கிடையே அதுவே கம்பியாக மாறிவிடுகிறது. எங்கள் பக்கம் கடல் காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல் துலக்கும் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுதாக உலரவிட்டு, பிறகு பாதுகாப்பு வார்னிஷ் பூசிய பலகைகளில் இந்த ஏற்றம் காணப்படவில்லை. உலரும் முன் பூசிவிட்டால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

முள்ளியாறு அவர்களின் பதிவு தக்க நேரத்தில் வந்தது. தனி மாட்யூலும் எச்டி7833உம் மட்டும் இருந்தபோது, குடமுருட்டி அண்ணன் சொன்ன கவ்வி முறையில் 14 மைக்ரோ ஆம்பியர் காட்டியது. சென்சாரையும் பேட்டரி அளக்கும் ரெசிஸ்டர்களையும் சேர்த்துப் பெட்டியில் பொருத்தியதும் அது 190 ஆனது. ரெசிஸ்டர்களை மாற்றியதில் 171க்கு வந்தது. எக்கோ பின்னின் புல்-அப்பை நீக்கியதும் 17க்கு இறங்கிவிட்டது. பலகையையும் கழுவிப் பூசிவிட்டேன்.

எனினும் ஓர் ஐயம். மலிவான மீட்டரில் கடைசி இலக்கம் ஒரு மைக்ரோ ஆம்பியர். 17 என்று அது காட்டுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்? வேறு ஒரு வழியில் சரிபார்க்க முடியுமா?

கொள்ளிடக்கரை எழுதியது:

நார்டிக் நிறுவனத்தின் பவர் புரொஃபைலர் கிட் 2 என்ற கருவி, ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் கீழிருந்து ஒரு ஆம்பியர் வரை இடைவிடாமல் அளந்து கணினியில் வரைந்து காட்டும், 0.8 முதல் 5 வோல்ட் வரை அதுவே மின்சாரமும் கொடுக்கும். அளவு மாறும்போது போர்டு அறுபடுவதும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் என்ன?

குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

சேர்ந்து வாங்குவதற்கு நானும் ஒரு பங்கு தருகிறேன். அது வரும்வரை, கெப்பாசிட்டரைக் கொண்டு 17 என்பதைச் சோதித்துவிடலாம்.

4700 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பேட்டரிக்கு இணையாகப் போட்டுக் கருவியை இயக்குங்கள். அது வேலை முடிந்து உறங்கியதும் பேட்டரியை மட்டும் கழற்றிவிடுங்கள். இனி உறங்கும் போர்டுக்குக் கெப்பாசிட்டர்தான் சோறு போடுகிறது. அதன் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதிலிருந்து மின்னோட்டம் தெரிந்துவிடும். கொள்ளளவை மின்னழுத்த வீழ்ச்சியால் பெருக்கி, நொடிகளால் வகுக்க வேண்டும். 17 மைக்ரோ ஆம்பியர் உண்மை என்றால் 60 நொடியில் 0.22 வோல்ட் அளவுக்கு இறங்க வேண்டும்.

இதில் மூன்று கவனங்கள் வேண்டும். மலிவு மீட்டர்களில் வோல்ட் அளக்கும் பக்கத்தின் தடை 1 மெகா ஓம்தான். 4 வோல்ட்டில் மீட்டரே 4 மைக்ரோ ஆம்பியரைக் குடித்துவிடும். ஆகவே மீட்டரைத் தொடர்ந்து இணைத்து வைக்காமல், தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை மட்டும் தொட்டு எடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குச் சொந்தக் கசிவும் உண்டு. போர்டு இல்லாமல் அதே 60 நொடி விட்டுப் பார்த்து அந்தக் கசிவைக் கழித்துக்கொள்ளுங்கள். மேலும் மேலே அச்சிட்ட கொள்ளளவில் 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதால், போர்டுக்குப் பதிலாக 220 கிலோ ஓம், ஒரு சதவீதத் துல்லியமுள்ள ரெசிஸ்டர் ஒன்றை வைத்தும் ஒரு முறை பாருங்கள். 4 வோல்ட்டில் அது 18 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். அதன் வீழ்ச்சியும் உங்கள் போர்டின் வீழ்ச்சியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், கெப்பாசிட்டரின் உண்மை அளவு என்ன என்ற கவலையே எழாது.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

செய்து பார்த்தேன். ரெசிஸ்டருக்கும் போர்டுக்கும் இடையே மின்னழுத்த வீழ்ச்சியில் ஒரு சென்டி வோல்ட்தான் வேறுபாடு. 17 என்பது சரியே. இதை எப்படியாவது 10க்குக் கொண்டுவர, எம்சிபி1700க்கு மாறலாமா என்று யோசிக்கிறேன்.

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

வேண்டாம் தம்பி, அந்த உழைப்பு வேறு இடத்துக்குப் போகட்டும். 17 மைக்ரோ ஆம்பியர் நாளொன்றுக்கு 0.41 மில்லி ஆம்பியர் மணி. லித்தியம் பேட்டரி எதனோடும் இணைக்காமல் சும்மா கிடந்தாலே மாதத்துக்கு 2 சதவீதம் அளவுக்குத் தானே குறையும் என்று வைத்துக்கொண்டால், 2600இல் அது 52, நாளொன்றுக்கு 1.7. நீங்கள் குறைக்க நினைப்பது, பேட்டரி தானாக இழப்பதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இப்போது உங்கள் செலவில் பெரியது விழிப்புதான்: 14.7.

மொத்தம் 16.8 மில்லி ஆம்பியர் மணி. பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்த முடியும் என்று வைத்து 2080ஐ அதால் வகுத்தால் 124 நாள் வருகிறது. ஆடுதுறை 43 போன்ற 110 நாள் குறுவை ரகத்துக்கு இது போதும். சி.ஆர். 1009 என்ற நீண்ட கால ரகத்தைப் போட்டால் 155 நாளுக்கு மேல் பயிர் நிற்கும், அதற்குப் போதாது. வயலில் நீர்மட்டம் 15 நிமிடத்தில் எவ்வளவு மாறிவிடப் போகிறது? அரை மணிக்கு ஒரு முறை என்று மாற்றினாலே ஏறத்தாழ 220 நாள் ஆகிவிடும்.

அதைவிடச் சிறந்தது, விழிப்பதையும் அனுப்புவதையும் பிரிப்பதாகும். அரை மணிக்கு ஒரு முறை விழித்து, வைஃபையை எழுப்பாமல் அளவை மட்டும் எடுத்து, முன்னதைவிட ஒரு சென்டிமீட்டர் மாறியிருந்தால் மட்டும் அனுப்பும்படி எழுதுங்கள். மாற்றமே இல்லாவிட்டாலும், கருவி உயிரோடு இருக்கிறது என்று தெரிவதற்காக ஆறு மணிக்கு ஒரு முறை அனுப்பட்டும். ரவுட்டரின் சேனலையும் முகவரியையும் உறக்கத்திலும் அழியாத நினைவகத்தில் வைத்து, ஐபி முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டால், இணைப்புக்கு ஆகும் நொடிகளும் கணிசமாகக் குறையும். கொட்டகை தொலைவில் இருந்தால் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள உரிமம் தேவையில்லாத அலைவரிசையில், குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும் லோரா ரேடியோவை வைக்கலாம். எஸ்எக்ஸ்1276 சிப், 13 டெசிபெல் மில்லிவாட்டில் அனுப்பும்போது 29 மில்லி ஆம்பியர்தான் கேட்கிறது. 433 மெகாஹெர்ட்ஸ் வகையான எஸ்எக்ஸ்1278 இந்த அலைவரிசையை எட்டாது என்பதால் வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

முள்ளியாறு (திருத்துறைப்பூண்டி) எழுதியது:

மேலே சொன்னதோடு ஒரு வரி. பேட்டரி இறங்கிவரும் கடைசி நாட்களில், முன்பு நடந்ததைப் போலவே வைஃபையை எழுப்பி, சரிந்து, மீண்டும் தொடங்கும் சுழற்சி வராமல் தடுக்க, விழித்ததும் முதல் வேலையாகப் பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பார்க்கும்படி எழுதுங்கள். 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ‘பேட்டரி மாற்றவும்’ என்று ஒரு முறை அனுப்பிவிட்டு, அதன் பிறகு நாளுக்கு ஒரு முறை மட்டும் விழிக்கட்டும். 3.4க்குக் கீழே போனால் விழிப்புக்கான டைமரையே வைக்காமல் உறங்கிவிடட்டும். புதிய பேட்டரி போட்டால் தானே தொடங்கிக்கொள்ளும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று 2.4 வோல்ட்டில் துண்டிக்கும் என்று அதை நம்பி விட்டுவிட வேண்டாம். அந்த அளவுக்கு இறங்கி நாள் கணக்கில் கிடந்த பேட்டரியை மறுபடி ஏற்றிப் பயன்படுத்துவது நல்லதன்று.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

அரை மணி விழிப்பு, ஒரு சென்டிமீட்டர் மாற்றத்துக்கு மட்டும் அனுப்புதல், 3.5, 3.4 வோல்ட் எல்லைகள் மூன்றையும் புரோகிராமில் சேர்த்துவிட்டேன். குறுவை அறுவடை வரை இந்தப் பேட்டரியையே மாற்றாமல் விட்டு, வாரந்தோறும் அதன் மின்னழுத்தத்தை இதே இழையில் பதிந்து வருகிறேன். இன்றைய அளவு 4.16 வோல்ட். பவர் புரொஃபைலர் வாங்குவதில் எனக்கும் ஒரு பங்கு வையுங்கள்.